என் பேரில் ஒரு கம்பெனி

அன்று மதியம் அந்த மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். முதலாளி, முதலாளி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தவர் என்று எழுதுவதே சரி. அவருக்கு எதிரே, கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் மூன்று பிள்ளைகள்: இரண்டு பையன்கள், ஒரு பெண். கதவோரம், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்களிடம் முன்பு வேலை பார்த்து விலகிப்போன அக்கா. சுவரில் மாட்டிய பெரிய திரையில், பிரான்சிலிருந்து எங்களுக்கு வேலை கொடுத்த மனிதர். அப்புறம் நான். டீ கொண்டுவருகிறவர் படியேறி வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தட்டை வெளியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவரையும், பாதியில் திரையில் வந்து உட்கார்ந்த ஒரு நர்ஸையும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை இவ்வளவு கறாராக எழுதக் காரணம், பிற்பாடு அன்று அங்கே இல்லாதவர்கள்கூட இருந்த மாதிரி பேசினார்கள். யார் காட்டிக்கொடுத்தது, யார் தலையாட்டியது என்று ஆளுக்கொரு கதை. இருந்தவர்கள் ஏழு பேர். தலையாட்டியது நான்.

எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நின்றது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் கொட்டும் வேலையில் சேர்ந்தேன். கை விறைத்துப்போய் தூக்கம் வராமல் கிடந்ததால், ஊருக்குள் ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் நின்றேன். பிரெஞ்சுக் காகிதங்களை நகல் எடுக்க வருகிறவர்கள் அதிகம் வரும் கடை. ஒரு சொல்தாவின் மகன் அங்கே அடிக்கடி வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் மகனைத் தெருவே முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிடும். வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. அவர் கொடுத்த காகிதங்களை நான் எண்ணிப் பார்ப்பேன். கொடுத்த பிறகு வாங்கி மறுபடி எண்ணுவேன். அவர் வண்டியில் ஏறிய பிறகு ஓடிப்போய் "முசியே, பின்பக்கம் எடுத்தோமா?" என்று கேட்பேன். இப்படி ஒரு ஆள்தான் தனக்கு வேண்டும் என்று என்னைக் கூடவே அழைத்துக்கொண்டார்.

கரண்ட் பில், வாடகை, வீட்டுச் சாவி என்று சில வருஷம் போனது. ஒருநாள், இங்கே ஒரு கம்பெனி போடப்போகிறேன் என்றார். பிரான்சில் இருக்கிற சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு வேண்டிய புரோகிராமை இங்கே பிள்ளைகளை வைத்து எழுதி அனுப்புவது.

"நான் பிரெஞ்சு சிட்டிசன் தம்பி. என் பேர்ல போட்டா காகிதம் எடுத்து மாளாது. உன் பேர்ல இருக்கட்டும்."

"எதனா ஒண்ணுன்னா என் பேரு வந்து கோர்ட்ல நிக்குமா முசியே?"

"நீ கவலப்படறதுக்குன்னே பொறந்தவன். அதுக்குத்தான் நான் சம்பளம் தரேன். நல்லா படு."

அவர் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். சம்பளம் கொஞ்சம் கூடியது. முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டின் மேலேயே, பெயிண்ட் கடைக்கு மாடியில் ஓர் அறை. வாடகை ஒப்பந்தம் என் பேரில். ஏசி குளிர் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களைக் கண்ணாடி வைத்து ஒட்டிவிட்டார்கள். கீழே போகும் பஸ்ஸின் ஹாரன் மட்டும் எப்படியோ உள்ளே வரும். அந்த அறைக்குள் போன முதல் நாளே, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று பார்த்தேன். படிக்கட்டு ஒன்றுதான். அதன் அடியில்தான் பெயிண்ட் கடைக்காரர் தின்னர் டின்களை அடுக்கியிருந்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் பில் கொடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் பணம் அனுப்புவார்கள். பிள்ளைகளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். நடுவில் சமாளிக்க பேங்கில் ஓவர்டிராப்ட் கேட்டோம். பேங்கில் அடமானம் கேட்டார்கள். கம்பெனி யார் பேரில் இருக்கிறதோ அவருடைய சொத்துதானே கேட்பார்கள். என் சொத்து தேங்காய்த்திட்டில் இரண்டு அறை, ஒரு குளியலறை. என் மனைவி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு கம்பெனியில் பேக்கிங் செய்து சேர்த்த பணமும் என் சம்பளமும் சேர்ந்து எழுப்பியது. மொட்டை மாடிக்குப் படி வைக்கக் காசு பத்தாமல் ஏணி சாத்தியிருக்கிறோம்.

"கம்பெனிதான உன் பேர்ல? வீடு எதுக்கு குடுக்கணும்?" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதானாம்."

"அப்ப லாபம் வந்தா அதுவும் உனுக்கா?"

அதை நான் முசியேயிடம் கேட்கவில்லை. வீட்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழை இல்லாத நாளிலும் சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். "வாங்க ஓனர் சார்" என்றார். முசியே சிரித்தார். நான் பத்திரத்தின் பக்கங்களை எண்ணிக் கொடுத்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது, என்னைவிடப் பத்து வயது சின்னவள் என்றாலும். வீட்டில் தலைமுறையாகத் துணி வியாபாரம். இவள் ஒருத்திதான் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவள். முதல் வருஷம் முழுக்க எங்கள் கம்பெனி என்றால் அவள்தான். வேலை வந்தால் உடனே உட்கார்ந்து எழுதமாட்டாள். இரண்டு நாள் கேள்வி கேட்பாள். இதை யார் பயன்படுத்துவார்கள்? உட்கார்ந்துகொண்டா, நின்றுகொண்டா? கையில் வேறு என்ன இருக்கும்? திரையில் இருக்கும் வெள்ளைக்காரரிடமே நேராகக் கேட்பாள். முசியேவுக்கு அது பிடிக்காது.

"கேட்டுக்கினே இருந்தா நமக்கு ஒண்ணியும் தெரியலன்னு நெனைப்பான்மா. வெலய கொறைப்பான்."

"கேக்காம செஞ்சா ரெண்டு தடவ செய்யணும் சார்."

"செய்யேன். மணிக்கணக்குக்குத்தான காசு?"

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப தப்பா செஞ்சாதான் லாபம்னு சொல்லுங்க."

எனக்கு அந்தப் பேச்சு அன்றைக்குப் புரியவில்லை. மணிக்கு இவ்வளவு என்று விலை பேசியிருந்தார்கள். அந்த விலையை முசியே போனில் சொல்லும்போது "பா ஷேர், பா ஷேர்" என்பார். விலை கம்மி என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அங்கே ஓர் ஆள் ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் காசில் இங்கே ஒருநாள் முழுக்க ஆள் வைக்கலாம் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார். அதே கணக்கை அவர் அக்காவிடமும் போட்டார். அக்கா சம்பளம் உயர்த்திக் கேட்டபோது, அந்தக் காசுக்கு காலேஜ் முடித்த மூன்று பிள்ளைகள் கிடைப்பார்கள் என்றார். கிடைத்தார்கள். அக்கா மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "அண்ணே, அந்த தின்னர் டின்ன மட்டும் நகத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கவனித்தது நானும் அவளும்தான்.

மூன்று பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். அதைச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் வந்து, டிபன் டப்பாவைப் பிரிக்க நேரமில்லாமல் வேலை செய்வார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. வாரம் ஒருமுறை திரையில் அந்த மனிதர் வருவார். ஏதாவது சிக்கலா என்று பிரெஞ்சில் கேட்பார். முசியே இந்தப் பக்கம் திரும்பி, "எதனா பிரச்சனயா?" என்பார். பெரியவர் கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளைகள் மூன்றும் தலையை ஆட்டும். எங்கள் தலையாட்டலைப் பார்த்தால் ஆமாமா இல்லையா என்று வெளியூர்க்காரர்களுக்கே தெரியாது. அந்த மனிதர் பாவம், எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டார். நானும் மூலையில் உட்கார்ந்து ஆட்டுவேன். எதற்கு என்று தெரியாது. எல்லோரும் ஆட்டும்போது ஒருவன் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று பயம்.

அவருடைய நிறுவனம், வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு நர்ஸ்களை அனுப்புவது. ஊசி போட, புண்ணுக்குக் கட்டு மாற்ற, குளிக்க வைக்க. யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று நர்ஸின் போனில் காட்டும் புரோகிராம். பழைய புரோகிராமை அவர்கள் ஊரிலேயே ஒருவர் வருஷக்கணக்காகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாராம். நாள் கூலி மிக அதிகம் என்று அவரை நிறுத்திவிட்டு, புதிதாக எழுத எங்களிடம் கொடுத்தார்கள்.

பழைய புரோகிராமில் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் கடைசியில் ஒரு பெட்டி இருந்தது. கண்டபடி எழுதி நிரப்பிய பெட்டி. சிலவற்றில் நம்பர், சிலவற்றில் பத்து வரி பிரெஞ்சு. அதை அப்படியே புதியதற்கு மாற்றுவது பெரிய வேலை என்றார்கள் பிள்ளைகள். பெரிய பையன் ஒரு பெட்டியை எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தான்.

"கதவு நம்பர் இருக்கு சார். சாவி பக்கத்து வீட்ல இருக்கு, நாய்க்கு பயப்படாதீங்க, அது மாதிரி. குப்பையா கீது."

"ஊசி மருந்து எதனா இருக்குதா அதுல?" என்று கேட்டார் முசியே.

"இல்ல சார். அதுக்கு வேற எடம் இருக்கு."

"அப்ப வுடு. ஊட்ல யாராவது இருப்பாங்க, பெல் அடிச்சா தொறப்பாங்க. இதுக்குப் போய் ஒரு வாரம் ஆகும்னா எவன் குடுப்பான்?"

நானும் அங்கேதான் இருந்தேன். ஊரில் இல்லாத கவலையெல்லாம் படுகிற எனக்கு அந்த ஒரு கவலை வரவில்லை. சோதனைக்காகப் பிள்ளைகள் போட்டு வைத்த நோயாளிகள் எல்லாம் அவரவர் வீட்டு ஆட்கள். பெண்ணின் பெரியம்மாவுக்குச் சர்க்கரை, சின்னப் பையனின் மாமாவுக்குக் காலில் புண். அந்த வீடுகள் எனக்குக் கண் முன்னாலேயே தெரியும். பெரியம்மா வீட்டில் பதினோரு மணிக்கு ஒருத்தர் வெங்காயம் உரிப்பார், ஒருத்தர் டிவி பார்ப்பார், வாசல் கேட்டில் பூட்டே கிடையாது. நர்ஸ் போனால் உள்ளே போக வழிகேட்க வேண்டியதில்லை, காபி வேண்டாம் என்று சொல்லி வெளியே வரத்தான் வழி தேடவேண்டும். எங்களில் யாருக்கும் தனியாகப் படுத்திருக்கிற ஒரு கிழவியைத் தெரியாது.

புதிய புரோகிராம் ஒரு திங்கட்கிழமை ஓட ஆரம்பித்தது. அங்கே விடிந்து நர்ஸ்கள் கிளம்பும் நேரம் இங்கே பதினொன்று இருக்கும். முசியே மோர் வாங்கிக் கொடுத்தார். மூன்று மணிக்கெல்லாம் மெயில் வந்துவிட்டது. பெண் அதைப் படித்தாள். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். கட்டிடங்களின் வாசல் கதவுக்கு நம்பர் அழுத்தினால்தான் திறக்கும். நம்பர் அந்தப் பெட்டியில் இருந்தது. நர்ஸ்கள் தெருவில் நிற்கிறார்கள். காது கேட்காத ஒரு பாட்டி காலை ஊசிக்காகக் கட்டிலில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். பெல் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் சாவி இருந்தது நர்ஸுக்குத் தெரியவில்லை. கடைசியில் தீயணைப்பு வண்டி வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள்.

"பாட்டிக்கு இன்னா ஆச்சு?"

"நல்லா இருக்காங்களாம்ணா. மயக்கமா இருந்தாங்களாம், ஊசி போட்டு சரியாயிட்டாங்க. கண்ணாடிதான் போச்சாம்."

நான் வெளியே வந்து படிக்கட்டில், தின்னர் டின்களுக்கு மேலே உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தக் கிழவி படுத்திருப்பது மாதிரியும், இந்தப் பக்கம் நான் நிற்பது மாதிரியும் இருந்தது. கொஞ்சநேரம் கழித்து அது மாறி, உள்ளே நான் இருந்தேன். மூன்று மாத பில் பணம் இன்னும் வரவில்லை. ஓவர்டிராப்ட் முழுக்க எடுத்தாகிவிட்டது. இந்த ஆள் பணம் தராவிட்டால் பேங்க் முசியே வீட்டுக்குப் போகாது, ஏணி சாத்திய வீட்டுக்குத்தான் வரும். பிள்ளைகளால் இதைச் சரிசெய்ய முடியாது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் பணம் வரும், வேறு வழியில்லை என்று எனக்குப் பட்டது. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ, அந்தப் பாட்டி?" என்றுதான் முதலில் கேட்டாள். மறுநாள் மதியம் திரையில் பேசும்போது வருகிறேன் என்றாள்.

வந்தாள். முசியே அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவங்க எதுக்கு?"

"நான்தான் முசியே வரச்சொன்னேன்."

"யாரக் கேட்டு?"

நான் பதில் சொல்வதற்குள் திரையில் அந்த மனிதர் வந்துவிட்டார். இரண்டு நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். வழக்கமாக முசியேயுடன் பிரெஞ்சில் பேசுகிறவர் அன்று எல்லோருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனை மாதம், இத்தனை கூட்டம், அந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை என்று கேட்டார்.

முசியே பிரெஞ்சில் ஏதோ நீளமாக ஆரம்பித்தார். அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்து ஒரு பேரைப் படித்தார். படித்த விதத்தில் அது யார் பேர் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"அண்ணா, உங்களத்தான். ஒப்பந்தத்துல உங்க பேருதான் இருக்காம். நீங்க சொல்லணுமாம்."

அறையே என் பக்கம் திரும்பியது. அந்த மனிதர் இத்தனை மாதமும் மூலையில் தலையாட்டும் என்னை டீ வாங்கி வருகிறவன் என்று நினைத்திருப்பார். எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை, ஹெட்மாஸ்டர் கூப்பிட்ட மாதிரி இருந்தது. தமிழில்தான் வந்தது.

"எங்க ஊடுங்கள்ல பகல்ல கதவ சாத்தறதே இல்லைங்க. எப்பவும் யாராவது இருப்பாங்க. அதனால எங்க யாருக்குமே தோணல."

முசியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினார். 'டெக்னிக்' என்ற வார்த்தை இரண்டு தடவை வந்தது. நான் சொன்னதில் அது இல்லை. கதவோரத்திலிருந்து அக்கா இங்கிலீஷில் குறுக்கிட்டாள். நான் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள் என்று பெண் பிற்பாடு சொன்னாள்.

அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்களைத் தேய்த்துக்கொண்டு, உங்களிடமிருந்து நான் கேட்கும் முதல் நேரான பதில் இதுதான் என்றார். பிறகு, பேசுவது யார் என்று கேட்டார். அக்கா ஹெல்மெட்டோடு எழுந்து திரைக்கு முன்னால் வந்தாள். உங்களை ஞாபகம் இருக்கிறது, இந்த வேலையை முதலில் பேசும்போதே நிறையக் கேள்வி கேட்டீர்கள் என்றார். அவள் அப்போதும் ஒரு கேள்விதான் கேட்டாள். நர்ஸ்களில் யாராவது ஒருவரோடு அரைமணி நேரம் பேச முடியுமா? அவருடைய ஆபீஸிலேயே ஒரு நர்ஸ் இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் இருவரும் பேசினார்கள். முசியே மொழிபெயர்க்க வரட்டுமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். காலையில் கிளம்பும்போது குளிருக்குக் கை உறை போட்டிருப்போம், போனில் கீழே இழுத்துத் தேட முடியாது, கதவு நம்பர்தான் மேலே முதலில் தெரிய வேண்டும் என்றார் அந்த நர்ஸ். மூன்று பிள்ளைகளும் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த அறையில் அத்தனை நாளில் அப்படி ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை. எனக்குக்கூட மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. பணம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

கடைசியில் அந்த மனிதர் அக்காவைப் பார்த்து, நீங்கள் இவர்கள் கம்பெனியிலா இருக்கிறீர்கள் என்றார்.

"இல்லை" என்றாள்.

எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றார். அவள் சொன்னாள். எங்கள் விலையைப்போல மூன்று மடங்கு. முசியே வாய்க்குள் ஏதோ சொன்னார். அந்த மனிதர் ஒரு பேனாவை எடுத்து எதையோ கணக்குப் போட்டார். அந்தப் பேனா நிற்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. மணிக்கு என்ன விலை என்று கேட்டால் நாங்கள் மலிவு. கிழவிக்கு ஊசி போட என்ன விலை என்று கேட்டால், நாங்கள்தான் ஊரிலேயே அதிக விலை. அவர் அக்காவிடம், நேரடியாக எனக்குச் செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முசியேயைப் பார்க்கவில்லை. காகிதத்தில் முதலாளி யாரோ அவரிடம் கேட்பதுதான் முறை என்று நினைத்தாளோ, நான் கூப்பிட்டுத்தானே வந்தோம் என்று நினைத்தாளோ. "அண்ணே?" என்றாள். அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வேலை எங்கள் கம்பெனி வழியாகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவள் கேட்டிருப்பாள். என் மண்டைக்குள் அப்போது அந்த உடைந்த ஜன்னல்தான் இருந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடி நர்ஸ் தெருவில் நிற்பாரே என்று இருந்தது. தலையை ஆட்டினேன். அன்று அந்த அறையில் யார் பார்த்தாலும் சரி என்று புரியும்படி ஆட்டினேன். வீட்டுப் பத்திரம் ஞாபகம் வந்தது திரை அணைந்த பிறகுதான்.

முசியே என்னைத் திட்டவில்லை. "ஓனர் சார் முடிவு பண்ணிட்டாரு" என்று பிள்ளைகளிடம் சொன்னார். வெளியில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தார்.

அக்கா அன்றே உட்கார்ந்து கதவு நம்பர்களை மட்டும் புதியதற்குள் ஏற்றிக் கொடுத்தாள். மீதியைப் பதினைந்து நாளில் முடித்தாள். நாங்கள் ஐந்து மாதம் செய்ததை அவள் தூக்கிப் போடவில்லை, பாதிக்கு மேல் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை என்றாள். அந்த நாட்டு நிறுவனத்திலிருந்து கடைசி மெயில் வந்தது. எங்கள் மூன்று மாத பில்லில், தீயணைப்புச் செலவு, ஜன்னல், நர்ஸ்களின் வீண் நேரம், திருத்தியவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் கழித்தது போக மீதி ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மெயில் என் பேருக்கு வந்திருந்தது.

முசியே அடுத்த வாரம் கிளம்பினார்.

"அப்பா பென்சன் விஷயம் தம்பி. போய்ட்டு ஓடியாந்துர்றேன்."

"பேங்க்கு முசியே?"

"பேசிக்கலாம். இன்னா ஓடியா போயிரும் பேங்க்கு?"

தினமும் காலையில் போனில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறார். பேங்க் என்று நான் எழுதினால் அன்றைக்குப் பூ வராது. அடுத்த நாள் வரும்.

பையன்களில் ஒருவன் சென்னைக்குப் போனான், ஒருவன் பெங்களூருக்கு. பெண்ணை அக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டாள். இருவரும் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்கும் இன்னும் இரண்டு இடங்களுக்கும் வேலை செய்கிறார்கள். இதே ஊர், இதே கரண்ட், அதே வெள்ளைக்காரர்கள். போன மாதம் அக்கா இங்கே வந்தாள். ஒட்டிய ஜன்னல்களையும் காலி நாற்காலிகளையும் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டு நாற்காலி வெலைக்குத் தரீங்களா?"

"எடுத்துக்கோம்மா. வெல எதுக்கு?"

"வெல சொல்லாம எடுத்துக்க மாட்டேன்."

புதிதாக வாங்கிய விலையைவிட அதிகமாக என் சட்டைப்பையில் வைத்தாள். வைத்துவிட்டு, "எனக்கும் வேற வழி தெரியலண்ணே" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று பலநாள் முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. "நான்தானம்மா உன்ன கூப்ட்டேன்" என்றேன். இருவருமாக நாற்காலிகளைப் படியில் இறக்கினோம். தின்னர் டின்களில் இடித்துவிடக்கூடாதே என்று நான் பின்பக்கமாக இறங்கினேன்.

வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இடையில் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது. அட்வான்ஸ் வந்தால்தான் இரண்டு தவணையாவது கட்டலாம். அதனால் தினமும் காலையில் வந்து பூட்டைத் திறக்கிறேன், லைட் போடுகிறேன், ஏசி போடுவதில்லை. ஜன்னலும் திறக்காது. மதியத்துக்குள் சட்டை நனைந்துவிடும். கம்பெனியை மூடலாம் என்றால், கடனை அடைக்காமல் மூட முடியாது என்கிறார் ஆடிட்டர். வேறு வேலைக்குப் போகலாம் என்றால், ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒரு சாப்ட்வேர் கம்பெனி முதலாளிக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஜெராக்ஸ் கடைக்காரருக்கே தெரியவில்லை. மனைவி சோப்பு கம்பெனியில் ஓவர்டைம் கேட்டு வாங்கியிருக்கிறாள். ராத்திரி படுக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்துகிறாளா என்று நான் எழுந்து பார்க்கிறேன். முன்னெல்லாம் பார்த்ததில்லை.

பேங்கிலிருந்து காலையில் போனுக்கு மெசேஜ் வருகிறது. அதில் என்னை இன்னமும் டியர் புரொப்ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்காலிக் காசையும் கட்டியது போக, இன்று வந்ததன்படி இன்னும் பாக்கி: ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.